வாய்க்கு உள்ள சொல்

12 மே 1974, ஞாயிறு

மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கொப்பு வெட்ட வேண்டும். ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. அதனால் வருடாவருடம் ஆளை மரத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. கீழே நின்று பேர் எழுதுவது என் வேலை. அண்ணாந்து பார்க்கவே எனக்குப் பயம். மேலே இருப்பவன் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான்.

சாந்தம்மாளிடம் சொன்னால் சிரிக்கிறாள். "ஏறுறது அவன், நடுங்குறது நீங்க. நல்ல எஸ்டேட்டு, நல்ல ரைட்டரு." கட்டின நாளிலிருந்து இவளுக்கு நான் ஒரு வேடிக்கை.

வெள்ளிக்கிழமை செபமாலையம்மாள் இறந்தாள். வயதானவள். அன்று காலை, ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் மொக்கையன் பாறை மேல் ஏறவில்லை, கொம்பு ஊதவில்லை. இந்த எஸ்டேட்டில் சாவுச் செய்தியை யாரும் கதவு தட்டிச் சொல்வதில்லை. ஆறு மணிக்குக் கொம்பு கேட்காவிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு வேலை கிடையாது. எழுந்து வெளியே வந்து, யார் என்று மெல்ல விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். பதினாறு வருடமாக நான் ஐந்தரைக்கே விழித்து, அந்தச் சத்தம் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். இதை சாந்தம்மாளிடம் சொன்னதில்லை.

19 மே, ஞாயிறு

ராமுத்தாயக்கா கடிதம் படிக்கச் சொல்லி வந்தாள். போடியிலிருந்து அவள் தங்கை எழுதியது, வெறும் நலம் விசாரிப்பு. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக் கடிதமும் என் கையில்தான் பிரிகிறது. அவள் மட்டும் படித்து முடித்ததும் "தம்பி வாயால கேட்டாத்தான் நம்பிக்கை" என்பாள்.

மகள் சுருளியம்மாளுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை பிறந்தபோது எல்லாரும் காட்டில் வேலையில் இருந்தார்கள், யாரும் பக்கத்தில் இல்லை, பிள்ளை தங்கவில்லை. "இந்த வாட்டி அவள விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்றாள் அக்கா. மகன் வீரபாண்டி வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். மரம் ஏறுவதில் அவனுக்கு மிஞ்சின ஆள் கிடையாது.

27 மே, திங்கள்

வீரபாண்டி விழுந்துவிட்டான்.

காலை பத்து மணி. நான் பத்தடி தள்ளி நின்றேன். தூறல் விட்டு மரம் ஈரமாக இருந்தது. "ஈரமாருக்கே, வீரா" என்று சொன்னேன். சொன்னேனா? நினைத்தேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். இறங்கு என்று சொல்லவில்லை. அது நிச்சயம். கொப்பு முறிந்த சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு சத்தம். அதை எழுத மாட்டேன்.

காதில் ரத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை. டிரைவர் மத்தியாஸ் ஜீப்பைக் கொண்டுவந்தான். பின்னால் பலகை போட்டுப் படுக்க வைத்தார்கள். சுருளியின் புருஷன் நல்லதம்பியும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போனார்கள். ராமுத்தாயக்கா ஓடி வந்தாள். ஜீப்பில் இடம் இல்லை. "நீ மகளப் பாரு அத்தே, நான் இருக்கேன்ல" என்றான் நல்லதம்பி. மலை இறங்கி, போடி தாண்டி, தேனிப் பக்கம் இருக்கும் பாதிரிமார் ஆஸ்பத்திரிக்கு.

 

28 மே

செய்தி இல்லை. மழை.

30 மே, வியாழன்

மத்தியாஸ் கூடப் போன இரண்டு பேரோடு திரும்பி வந்தான். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு சீட்டு. முதலாளி கொச்சிக்குப் போயிருக்கிறார், ஆகவே அதுவும் என் கையில்தான் பிரிந்தது.

இங்கிலீஷ். மண்டையில் அடி. வலது பக்கம் அசைவு குறைவு. நினைவு வருகிறது, போகிறது. இவ்வளவும் தட்டுத்தடுமாறிப் புரிந்தது. கடைசி வரியில் நிலைமை என்று போட்டு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: கார்டெட்.

கார்ட் தெரியும். ரயிலில் பார்த்திருக்கிறேன், காட்டிலும் பார்த்திருக்கிறேன். இது என்ன? என் அகராதியில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்கூலுக்கு ஓடினேன். ஏசுதாஸ் வாத்தியாரிடம் பெரிய அகராதி உண்டு. யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் சொல்லை மட்டும் கேட்டேன்.

"எச்சரிக்கையானன்னு அர்த்தம்" என்றார். "ஆனா எல்லா எச்சரிக்கைக்கும் வராது. மத்தியாஸ் பாத்து ஜீப் ஓட்டுறான்னா அதுக்கு வேற சொல் இருக்கு. இது வாய்க்கு உள்ள சொல். ஒருத்தன் கேள்விக்குப் பதில் சொல்றான். முழுசா விட்டுக்கொடுக்காம, நாளைக்கு யாரும் புடிச்சுக்கிட முடியாத மாதிரி அளந்து சொல்றான். அந்தப் பதிலுக்கு இந்தச் சொல். நம்பிக்கைக்கும் போடலாம். இருக்கு, ஆனா முழுசாத் தொறந்து காட்டல, அப்படி."

"டாக்டர் எழுதினா?" என்று கேட்டுவிட்டேன்.

வாத்தியார் என்னையே பார்த்தார். "பொழைப்பான்னும் சொல்லல, மாட்டான்னும் சொல்லல."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லோடுதான் நடந்தேன். லயத்து வாசலில் ராமுத்தாயக்கா நின்றாள். கையில் துணிமூட்டை தயாராக இருந்தது. உள்ளே சுருளி முனகுகிற சத்தம் கேட்டது, பொய்வலியாம்.

"தம்பி, சீட்டு வந்துச்சாமே. என்ன போட்டிருக்கு? நான் அங்க போகவா, இங்க இருக்கவா? நீ சொன்னாச் சரி."

என்ன சொல்வேன்? போ என்று சொல்லி, இங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விழும். இரு என்று சொல்லி, அங்கே அவன் கண்ணை மூடிவிட்டால் அதுவும் என் தலையில். 

"டாக்டருங்க கவனமாப் பாத்துக்கிட்டிருக்காங்களாம்க்கா."

"அப்ப பயம் இல்லையே?"

"பாத்துக்கிட்டிருக்காங்கன்னுதான் எழுதியிருக்கு."

அவள் மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

31 மே

பொய் சொல்லவில்லை. ஒரு சொல் கூடப் பொய் இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பின்னே ஏன் சோறு இறங்கவில்லை?

1 ஜூன், சனி

நேற்று ராத்திரி சாந்தம்மாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தம்மா போகவா இருக்கவான்னு நேராக் கேட்டிருக்கு. நீங்க என்னத்தச் சொல்லிருக்கீங்க? ரெண்டுமில்லாத ஒண்ண. நாளைக்கு அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் அப்படிச் சொல்லலையேன்னு தப்பிச்சுக்கிடலாம். அதுக்குத்தான?"

"எனக்கும் தெரியாதுடி. டாக்டருக்கே தெரியல."

"தெரியலைங்கிறதச் சொல்லிருக்கணும்."

சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை போனேன். அக்கா மகளுக்கு வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். புள்ளத்தாச்சி காதில் இதை எப்படிப் போடுவது? வெளியே கூப்பிட்டால் சுருளிக்குச் சந்தேகம் வரும். வந்துவிட்டேன். காரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேனா? எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஆமாம், சந்தோஷப்பட்டேன்.

3 ஜூன், திங்கள்

மூன்று நாளாக விடாத மழை. போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்துவிட்டது. பஸ் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் வர வழியில்லை. அவன் இருக்கிறானோ இல்லையோ? இதை எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் ஸ்டோரில் மொக்கையன் பிடித்துக்கொண்டான். "ரைட்டரே, அந்தப் பய எப்படி இருக்கான்?" லயத்துப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் இப்பப் பேச வேணாம் மொக்கையா. புள்ளத்தாச்சி இருக்கிற லயம்" என்றேன். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

4 ஜூன், செவ்வாய்

ஐந்தரைக்கு விழித்தேன். ஆறு ஆயிற்று. ஆறேகால். மழைச் சத்தம் மட்டும்.

கொம்பு ஊதவில்லை.

வெளியே வந்தால் லயம் முழுக்க வாசலில் நிற்கிறது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் ஒரே வீட்டின் மேல்.  யார் சொன்னது? எப்போது தெரிந்தது? ரோடே இல்லையே! அப்புறம்தான் உறைத்தது. மொக்கையனின் தலைத்துண்டு. நான் குரலைத் தாழ்த்தியது. அடப்பாவி, என் வாயிலிருந்துதான் அந்தச் சாவு கிளம்பியிருக்கிறது.

ராமுத்தாயக்கா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.

"எப்பப்பா?"

"இல்லக்கா. அவன் இருக்கான். அதாவது..."

"என்ன அதாவது?"

அதற்கு மேல் அளந்து பேச என்னிடம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீட்டில் இருந்த சொல், வாத்தியார் சொன்ன அர்த்தம், பிழைப்பான் என்றும் மாட்டான் என்றும் டாக்டர் எழுதவில்லை என்பது, ரோடு போனதால் இன்றைக்கு இருக்கிறானா என்று எனக்கும் தெரியாது என்பது, மொக்கையன் என் பேச்சைத் தப்பாக எடுத்துக்கொண்டது.

"வியாழக்கிழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"அஞ்சு நாளு. அஞ்சு நாளா எம்மகன் சாகக் கெடக்கான், நான் இங்க வெந்நி வச்சிக்கிட்டு இருந்திருக்கேன். ஒன்ன நம்பி. ஏண்டா, நீயெல்லாம் படிச்சவனாடா? ஒன் வாயில புழுத்தான் விழும்டா."

எல்லார் முன்னாலும் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

உள்ளே போய் மகளிடம் ஏதோ சொன்னாள், மூட்டையை எடுத்தாள், நடந்தாள். அந்த மழையில், தனியாக. சாந்தம்மாள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போங்க கூட. இந்த ஒரு தடவையாவது அந்தப் பயத்தத் தூக்கிக் கடாசிட்டுப் போங்க. சுருளிய நான் பாத்துக்கிறேன், ஒத்த நிமிசம் நகர மாட்டேன்."

இந்த நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

6 ஜூன், வியாழன். ஆஸ்பத்திரி வராந்தா

மத்தியாஸ் சரிவுவரை ஜீப்பில் விட்டான். அதற்கப்புறம் ரோடு இல்லை, மண்தான். மேலே இன்னும் கல் உருண்டுகொண்டிருந்தது. நான் கையையும் ஊன்றி நாலு காலில் கடந்தேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போனாள். வழியில் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்: "கால வச்சு நடங்க ரைட்டரு. கைய எதுக்கு ஊண்டுறீங்க?"

ரைட்டரு. பதினாறு வருடத்தில் முதல் தடவை.

போடிமெட்டில் ஒரு டீக்கடையில் ஒதுங்கிவிட்டு, விடிந்ததும் கழுதைப்பாதையில் இறங்கினோம். காலெல்லாம் அட்டை. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரே எண்ணம்: எதிரே நல்லதம்பி வருவான். வந்தால் முடிந்துபோயிற்று என்று அர்த்தம். யாரோ விறகுக்காரன் ஏறி வந்தான். தூரத்தில் உருவம் தெரிந்ததும் நான் நின்றுவிட்டேன். அக்காவும் நின்றாள். முகம் தெரிகிற வரைக்கும் இருவரும் அசையவில்லை.

மலையடிவாரத்து முந்தலுக்கு வந்தால் ஒரு பொட்டு மழை இல்லை. வெயில், காற்று. அவள் சேலை நடக்க நடக்கவே காய்ந்தது. அங்கிருந்து பஸ்.

இருக்கிறான். இருக்கிறான்! தலை முழுக்கக் கட்டு, ஜுரம், கண் பாதி திறந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை. அக்கா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் விடவில்லை. நல்லதம்பி எழுந்து வெளியே போய் அழுதான். பத்து நாளாகத் தனியாக இருந்திருக்கிறான்.

7 ஜூன்

டாக்டரம்மாவிடம் துணிந்து போய்க் கேட்டேன். அந்தச் சொல்லை ஏன் போட்டீர்கள், பயந்தா என்று. தமிழைத் தேடித்தேடிப் பேசுகிறார்.

"பயம் இல்ல. எனக்கு நெஜமாத் தெரியாது. தெரியாதுங்கறத தெரியாதுன்னே எழுதினேன். வீட்டு ஆளுங்க வரணும்னுதானே சீட்டுக் குடுத்தது? ஏன் லேட்டு?"

 இத்தனை நாள் அந்தச் சொல்லின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், அவரும் என்னைப் போல நழுவி எழுதிவிட்டார் என்று. சொல்லில் ஒளிவே இல்லை. ஒளித்தவன் நான். அதை அவரிடமும் சொன்னேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

8 ஜூன்

ஜுரம் ஏறிவிட்டது. இரண்டு தடவை வலிப்பு வந்து கைகால் இழுத்தது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அக்கா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சாமியே, இவன் போனால் நான் எந்த முகத்தோடு மலை ஏறுவேன்?

9 ஜூன், ஞாயிறு

ஜுரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பதினோரு மணிக்கு அவன் கண்ணைத் திருப்பி, "ஆத்தா, தண்ணி" என்றான்.

அவ்வளவுதான் இன்று. எழுத முடியவில்லை.

13 ஜூன், வியாழன்

ரோடு திறந்துவிட்டது. மத்தியாஸ் வந்தான். சுருளிக்கு ஐந்தாம் தேதி காலையிலேயே பெண் பிள்ளை பிறந்துவிட்டதாம். நாங்கள் கழுதைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பிள்ளை சின்னதாக இருக்கிறது, ஆனால் நன்றாக அழுகிறது. சாந்தம்மாள் சொன்னபடி நகரவே இல்லையாம்.

அக்கா கேட்டு முடித்துவிட்டு மத்தியாஸிடம், "சாந்தம்மாகிட்ட நான் கும்புட்டேன்னு சொல்லு" என்றாள். நானும் அங்கேதான் நின்றேன்.

9 ஜூலை, செவ்வாய்

வீரபாண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பேச்சு சரியாகிவிட்டது. வலது கால் இழுக்கிறது.

மொக்கையன் என் காலில் விழாத குறை. "நீங்க சொன்ன மாதிரிக்கு நான் அப்படித்தான் நெனச்சேன் ரைட்டரே." அவனை என்ன சொல்ல? அவன் ஊதாமல் இருந்ததால்தான் அவள் மகனைப் பார்க்கக் கிளம்பினாள்.

28 ஜூலை

ராமுத்தாயக்காவுக்குப் போடியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏசுதாஸ் வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். ஸ்கூல் ஒன்றரை மைல் ஏற்றம். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்று வீரபாண்டியை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போயிருந்தார்கள். இன்று மதியம் ராமுத்தாயக்கா வந்தாள். வாசலிலேயே நின்று சீட்டை நீட்டினாள்.

"வாத்தியாரு ஊருக்குப் போயிட்டாரு. படிங்க. முழுங்காமப் படிங்க."

வாங்கினேன்.  ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். சாந்தம்மாள் அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது தெரிந்தது. இந்த முறை அந்தச் சொல் இல்லை. டாக்டரம்மா தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதியிருந்தார். பார்க்கலாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"உசுருக்கு இனிப் பயமில்லக்கா. ஆனா வலது காலு பழையபடி வராதுன்னு எழுதியிருக்கு. கம்பு ஊண்டித்தான் நடக்கணும். இனி மரம் ஏறக்கூடாது. எப்பவுமே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இன்னும் எதையாவது வைத்துக்கொண்டிருக்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. காலு போனாப் போகுது. மொக்கையன் இந்த மாசத்தோட ஊருக்குப் போறானாமே? கொம்பு ஊதுறதுக்கு வாயிதான வேணும். மொதலாளிக்கு ஒரு மனு எழுதுங்க."

"காலு இப்படி இருக்குன்னும் எழுதணும்க்கா. மறைச்சு எழுத மாட்டேன்."

"மறைக்கவா சொன்னேன்?" என்றாள்.

30 செப்டம்பர், திங்கள்

ஐந்தரைக்கு விழிப்பு.  ஆறு ஆயிற்று. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னிக்குத்தான வீரா ஊதுற மொத நாளு, கம்ப ஊண்டிப் பாறை ஏற வேண்டாமா? பேசாம இருங்க" என்றாள் சாந்தம்மாள். அவளும் விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

பிறகு வந்தது. முதல் ஊதல் வெறும் காற்றாகப் போயிற்று. இரண்டாவது கன்றுக்குட்டி கத்தியது மாதிரி. மூன்றாவது முழுசாக எழும்பி எதிர் மலைவரைக்கும் போனது.

வெளியே வந்தேன். ராமுத்தாயக்கா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் கண்டதும், "கேட்டுச்சா தம்பி?" என்றாள்.

"கேட்டுச்சுக்கா" என்றேன். "மொத ரெண்டும் நல்லால்ல."

அவள் சிரித்தாள்.